கிழமைக்கு ஒரு நாள்தானே? பாடசாலை வரவு பற்றி ஒரு தாய்க்குச் சொன்ன பதில்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தாய் கேட்டது இது. மகன் தரம் 8. கிழமைக்கு ஒரு நாள், சில கிழமைகளில் இரண்டு நாள் பாடசாலைக்குப் போவதில்லை. தலையிடி, வயிற்றுவலி, மழை, நேரம் போய்விட்டது என்று ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். பின்னேர ரியூசனுக்கு மட்டும் தவறாமல் போகிறான், புள்ளிகளும் மோசமில்லை. இப்போது வகுப்பாசிரியர் கூப்பிட்டு, வரவு குறைவு, அதிபரைச் சந்தித்துக் கடிதம் தாருங்கள் என்கிறார். “கிழமைக்கு ஒரு நாள்தானே, இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார்கள்? சட்டப்படி ஏதும் செய்வார்களா? இவனை எப்படி ஒழுங்காக அனுப்புவது? கடிதத்தில் என்ன எழுதுவது?” என்கிறார்.

கொழும்பில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் நீண்ட காலம் வகுப்பாசிரியராகவும் பிறகு பகுதித் தலைவராகவும் இருந்தவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களைப் பயப்படுத்துவது அதுதான், ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. 1939 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997 இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளின்படி, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று 1998 இல் இருந்து நடைமுறை வந்தது. 2016 இல் அந்த எல்லை 16 வயது வரை உயர்ந்தது. பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியர் அதிபருக்கு அறிவிப்பார், அதிபர் உங்களைக் கூப்பிடுவார். அதற்கும் பலன் இல்லையென்றால் வலயக் கல்வி அலுவலகம், கிராம சேவகர், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று விஷயம் நகரும். கிழமைக்கு ஒரு நாள் நிற்கிற பிள்ளைக்காக ஒருவரும் உங்கள் வீட்டுக்குப் பொலிஸ் அனுப்பப்போவதில்லை. அந்த நடைமுறை எல்லாம் மாதக்கணக்கில் காணாமல் போகிற பிள்ளைகளுக்காக, அதிலும் வேலைக்குப் போட்டுவிட்ட பிள்ளைகளுக்காக வைத்திருப்பது. 2021 இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 14 இல் இருந்து 16 ஆகிவிட்டது. ஆகவே தரம் 8 பிள்ளையைக் கடையில் நிற்கவைத்தால் முதலாளிக்கும் பிரச்சினை. அதிபர் கடிதம் கேட்பது உங்களை மாட்டிவிட அல்ல. கேட்டதற்கு ஒரு பதிவு இருக்கவேண்டும் என்பதற்காகவும், நீங்கள் ஒருமுறை நேரில் வரவேண்டும் என்பதற்காகவும் கேட்கிறார்.

சரி, கிழமைக்கு ஒரு நாள்தானே என்ற கேள்விக்கு வருவோம்.

நமது பாடசாலைகள் வருடத்தில் ஏறத்தாழ 200 நாட்கள் நடக்கும். கிழமைக்கு ஒரு நாள் நின்றால் வருடத்தில் 40 நாள். இதை ஒரு பழக்கமாகத் தரம் 1 இல் இருந்து 11 வரைக்கும் கொண்டுபோனால் 440 நாள். அதாவது சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது உங்கள் மகன் மற்றப் பிள்ளைகளைவிட இரண்டு வருடத்துக்கும் மேல் குறைவாகப் படித்தவன். வீட்டில் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு நாள் நிற்கும்போது அந்த ஒரு நாள்தான் கண்ணுக்குத் தெரியும், முந்தின கிழமை நின்ற நாள் ஞாபகத்தில் இருக்காது. இது எங்கள் ஊர்ப் பெற்றோரின் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரத்தில், அதிகம் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு “உங்கள் பிள்ளை இதுவரை இத்தனை நாள் வரவில்லை” என்று தபால் அனுப்பிப் பார்த்தார்கள். 2018 இல் வெளியான அந்த ஆய்வின்படி, தொடர்ந்து வராமல் இருந்த பிள்ளைகளின் தொகை 10 வீதம் அளவுக்குக் குறைந்தது. மிரட்டல் இல்லை, தண்டப்பணம் இல்லை. எண்ணிக்கையைக் காட்டினார்கள், அவ்வளவுதான். பெற்றோர் தங்கள் பிள்ளை நின்ற நாட்களை உண்மையைவிடக் குறைவாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

ஆனால் நாட்களைவிட எனக்குக் கவலை, அந்த நாளுக்குள் என்ன இருந்தது என்பது. ஒரு நாளில் ஏழெட்டுப் பாடவேளை. தரம் 8 கணிதத்தில் திசைகொண்ட எண்களின் பெருக்கல் வரும். மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று ஆசிரியர் பலகையில் எண்கோடு கீறிக் காட்டுவது ஒரே ஒரு பாடவேளை. அடுத்த நாள் பயிற்சி, அதற்கு அடுத்த நாள் அட்சரகணிதக் கோவைக்குள் போய்விடுவார். அந்த ஒரு பாடவேளை தவறிய பிள்ளை விதியை மனப்பாடம் பண்ணிவிடும், பரீட்சையில் சரியாகவும் எழுதிவிடும். தரம் 9 இல் அடைப்பை நீக்கிச் சுருக்கும்போது ஒவ்வொரு கணக்கிலும் குறியைப் பிழையாகப் போடும். அப்போது எல்லோரும் “கவனமில்லை” என்பார்கள். பிள்ளையும் தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டிவிடும்.

ரியூசன் இதை ஈடுசெய்யும் என்கிறீர்கள். பாதிதான். ரியூசனில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் இருக்கும். வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம் எங்கே நடக்கிறது? இரண்டாம் மொழிச் சிங்களத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டும். கொழும்பில் பிறந்து வளர்ந்து, பஸ்ஸில் நன்றாகச் சிங்களம் பேசிக்கொண்டு, ஒரு விண்ணப்பப் படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பத் தெரியாத பிள்ளைகள் எங்களிடம் நிறைய. பேச்சு தெருவில் வரும். எழுத்துக்குக் கிழமைக்குச் சில பாடவேளைகள்தான் இருக்கின்றன, அதுவும் பாடசாலையில் மட்டும்தான். அந்த நாளில் நிற்கிற பிள்ளை பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த விலையைக் கொடுக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் எத்தனை நாள் நின்றான் என்பதைவிட எந்த நாள் நின்றான் என்பதைப் பாருங்கள்.

வகுப்பில் இருக்கும் வரவு இடாப்பைப் பார்த்திருக்கிறீர்களா? நீளமான புத்தகம், இடப்பக்கம் பெயர்கள், மேலே திகதிகள், உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள். வந்தால் 1, வராவிட்டால் 0. வகுப்பாசிரியர்கள் பெரும்பாலும் இதைக் கிடையாக, பெயருக்கு எதிரே வாசித்து, மாதக் கடைசியில் கூட்டி வீதம் போட்டுவிட்டு மூடிவிடுவார்கள். ஒரு பிள்ளையின் வரிசையை எடுத்து, கிழமை கிழமையாகப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். தரம் 7 இல் ஒரு பையன். மாதத்தில் நான்கைந்து 0. எப்போதும் காய்ச்சல் என்று கடிதம் வரும், தாயும் மனதாரத்தான் எழுதுவார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என்ன இருக்கிறது என்று நேரசூசியைப் பார்த்தால் இரண்டாம் பாடவேளை வரலாறு. அந்த வகுப்பில் பாடப்புத்தகத்தை வரிசையாக ஒவ்வொருவராக எழும்பி உரத்து வாசிக்கவேண்டும். பையனுக்குச் சரளமாக வாசிக்க வராது. எழுத்துக் கூட்டி வாசிப்பான், பின்வாங்கில் இருந்து சிரிப்பார்கள். தரம் 7 வரைக்கும் அதை ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வந்திருக்கிறான், அதுவே ஒரு கெட்டித்தனம்தான். அவனுக்குத் தேவைப்பட்டது வாசிப்புக்கு உதவி. வரவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் கடைசி வரைக்கும் காய்ச்சல்தான் வந்துகொண்டிருக்கும்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் சுவரில் தொங்குகிற கலண்டரை இறக்குங்கள். வகுப்பாசிரியரிடம் இந்தத் தவணையில் அவன் வராத திகதிகளைக் கேட்டு வாங்கி வட்டம் போடுங்கள். பக்கத்தில் அவனுடைய நேரசூசியை வையுங்கள். அவனை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள், தனியாகச் செய்யுங்கள்.

வட்டமெல்லாம் திங்கட்கிழமையில் விழுந்தால், ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் ஞாயிறு முழுக்க ரியூசன் ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, பின்னேரம் சங்கீதமோ மிருதங்கமோ ஒன்று. திங்கள் காலையில் அந்தப் பிள்ளைக்கு எழும்ப முடியவில்லை என்றால் அது சோம்பல் இல்லை, உண்மையான களைப்பு. பாடசாலையை இழந்து ரியூசனைக் காப்பாற்றுவதைவிட ஞாயிறு ரியூசனில் ஒன்றை வெட்டுவது மலிவு. காசும் மிச்சம். வட்டங்கள் கிழமை நாள் எதிலும் ஒட்டாமல் சிதறிக் கிடந்தால் இரவைப் பாருங்கள். போன் எத்தனை மணிக்கு அணைகிறது? ஒரு மணி வரைக்கும் விளையாடிய பிள்ளைக்குக் காலையில் உண்மையாகவே தலையிடிக்கும், பொய் சொல்கிறான் என்று அடிப்பதில் அர்த்தமில்லை. போனை இரவில் உங்கள் அறையில் சார்ஜுக்குப் போடுங்கள். பெரிய சண்டை வரும். இரண்டு கிழமையில் அடங்கும்.

ஒரே பாடம் உள்ள நாட்கள் என்றால் அந்த ஆசிரியரையோ அந்தப் பாடத்தையோ விசாரியுங்கள். உடற்பயிற்சி உள்ள நாள் என்றால் உடை மாற்றும் இடத்தில் கேலி செய்கிறார்களா, சப்பாத்து இருக்கிறதா என்று பாருங்கள். வேனில் போகிற பிள்ளை என்றால் வேனுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். இதைப் பெற்றோர் கேட்பதே இல்லை. வகுப்பில் நடக்கும் வம்பு ஆசிரியர் கண்ணில் படும், வேனில் முக்கால் மணித்தியாலம் பெரிய பிள்ளைகளுடன் அடைபட்டிருக்கும்போது நடப்பது ஒருவர் கண்ணிலும் படாது. அடி, மிரட்டல், தொடுகை என்று ஏதாவது தெரியவந்தால் தயங்காமல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.

மகள் உள்ளவர்களுக்கும் இதே கலண்டர் பயன்படும். மாதத்தில் ஒரு தடவை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வட்டம் விழுந்தால் காரணம் ஊகிக்கக் கடினமில்லை. வலி என்றால் வைத்தியரிடம் காட்டவேண்டும். பாடசாலைக் கழிவறையில் தண்ணீர் இல்லை, கதவுக்குப் பூட்டு இல்லை என்றால் அது பெற்றோர் கூட்டத்தில் தாய்மார் எழும்பிச் சத்தமாகக் கேட்கவேண்டிய விஷயம். அந்தக் கூட்டங்களில் ஒலிபெருக்கி வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இன்னொன்று. பாடசாலைக்குக் கள்ளம் அடிக்கிற பிள்ளையும், பாடசாலைக்குப் போகப் பயப்படுகிற பிள்ளையும் வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுபோல இருப்பார்கள். கள்ளம் அடிப்பவன் சீருடை போட்டுக்கொண்டு வீட்டில் இருந்து புறப்படுவான், காலிமுகத்திடலிலோ ஒரு கடைத்தொகுதியிலோ நேரத்தைப் போக்கிவிட்டு இரண்டு மணிக்கு வீடு வருவான். உங்களுக்குத் தெரியாது. பயப்படுகிறவன் வீட்டிலேயே இருப்பான். காலையில் வயிற்றுவலி, வாந்தி, அழுகை. பாடசாலை நேரம் தாண்டினவுடன் சுகமாகிவிடுவான். விடுமுறையில் ஒரு வலியும் இருக்காது. இதைப் பார்த்துத்தான் “நடிக்கிறான்” என்று நினைப்பார்கள். வலி பொய்யில்லை, பயம் உடம்பில் அப்படித்தான் காட்டும். முதல் வகைக்குக் கண்காணிப்பு வேண்டும், எவரோடு சேர்ந்து போகிறான் என்று தெரியவேண்டும். இரண்டாம் வகைக்குக் கண்டிப்பு மட்டும் காட்டினால் நிலைமை மோசமாகும், வீட்டில் வைத்திருந்தாலும் மோசமாகும். ஒவ்வொரு நாளும் வீட்டில் நிற்க நிற்க அடுத்த நாள் போவது இன்னும் கடினமாகும். ஆகவே கொஞ்சமாவது போகவைக்க வேண்டும். முதல் கிழமை இடைவேளை வரைக்கும் இருந்தாலும் போதும், வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யலாம், நல்ல அதிபர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. இரண்டு மூன்று கிழமையில் முன்னேற்றம் இல்லையென்றால் பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்துக்குப் பிரிவு இருக்கிறது, காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். மனநலம் என்றவுடன் “என்ட பிள்ளைக்கு விசரா?” என்று கோபப்படும் தகப்பன்மாரை நிறையச் சந்தித்திருக்கிறேன். காலில் அடிபட்டால் கட்டுப்போட வைத்தியரிடம் போவதில்லையா?

உங்கள் மகன் இதில் எது என்று நீங்கள் எழுதியதை வைத்துத் தீர்மானமாகச் சொல்ல முடியாது. ரியூசனுக்குத் தவறாமல் போகிறான் என்கிறீர்கள், அதனால் படிப்பில் வெறுப்பில்லை. பாடசாலைக்குள் ஏதோ ஒன்று அவனைத் தள்ளுகிறது, அல்லது பாடசாலை அவனுக்குத் தேவையில்லாத ஒன்றாகப் படுகிறது. இரண்டாவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் போன் திரையில்தான் படிப்பு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பில் மறுபடியும் மூடினார்கள். இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அப்போது ஆரம்பப் பிரிவில் இருந்தவர்கள். காலையில் எழும்பிப் போய்த்தான் ஆகவேண்டும் என்ற பழக்கம் ஊறவேண்டிய வயதில் அவர்களுக்கு அது அறுந்துபோனது. பாடசாலை இல்லாமலும் ஏதோ நடக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சுகவீனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நாங்கள் இரண்டு பக்கமும் பிழை விடுகிறோம். மூக்கு ஒழுகுவதற்கு வீட்டில் மறிக்கிறோம். காய்ச்சல் உள்ள பிள்ளைக்குக் காலையில் பனடோல் கொடுத்து அனுப்புகிறோம். பத்து மணிக்கு மருந்து வேலை முடிந்ததும் பிள்ளை மேசையில் தலையைப் போட்டுப் படுத்துவிடும், தாய்க்குப் போன் போகும். இலேசான தடிமன், இருமல் என்றால் அனுப்பலாம். காய்ச்சல் என்றால் அனுப்பாதீர்கள், மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கட்டும். கொழும்பில் எப்போதும் டெங்கு நினைப்பு இருக்கவேண்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள், வேறு வலி மாத்திரைகளை உங்கள் பாட்டில் கொடுக்காதீர்கள். அம்மாள் வருத்தம் என்றால் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குக் கட்டும் வரைக்கும் வீட்டில். இந்த நாட்களுக்காக உங்கள்மேல் ஒருவரும் குறைசொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. வெள்ளமும் அப்படித்தான். களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளையிடம் சீருடை எங்கே என்று கேட்கிற பாடசாலைதான் வெட்கப்படவேண்டும்.

ஆனால் கனடாவில் இருந்து மாமா வந்திருக்கிறார் என்று ஒரு கிழமை நிற்பது? ஜூலை மாதம் வந்தால் எங்கள் வகுப்புகளில் பாதி இடம் காலி. அங்கே அவர்களுக்குப் பாடசாலை விடுமுறை, இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் என்று வேன் பிடித்துப் புறப்பட்டுவிடுகிறார்கள். மாமாவோடு போகவேண்டாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை, பிள்ளைக்கு அந்த உறவும் வேண்டும். சனி ஞாயிறையும் போயா நாளையும் ஒட்டிப் போட்டால் இரண்டு நாள் இழப்போடு முடிக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போவதென்றாலும் பாடசாலை விடுமுறைக்குள் எந்த நாட்கள் விழுகின்றன என்று பார்த்து டிக்கெட் போடுங்கள். மரண வீடு வேறு விஷயம். அதற்குப் போகத்தான் வேண்டும்.

இவ்வளவும் பெற்றோருக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை, ஆசிரியர்களும் இதை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதலாவது, வாசற்கதவு. ஏழரைக்கு மணி அடிக்கிறது, கதவைப் பூட்டுகிறார்கள். வத்தளை, ஹெந்தலைப் பக்கம் இருந்து களனிப் பாலத்தைக் கடந்து வரும் பிள்ளையின் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் பிள்ளை வெளியில். வெயிலில் நிற்கவைத்து, பெயர் எழுதி, ஏசி, முதல் பாடவேளை முடிந்தபிறகு உள்ளே விடுவார்கள். இரண்டு முறை இப்படி நின்ற பிள்ளை மூன்றாம் முறை பிந்தும்போது வாசலுக்கே வராது, வீட்டுக்குத் திரும்பிவிடும். பத்து நிமிடத் தாமதத்தை முழுநாள் வராமையாக மாற்றியது யார்? பிந்தி வந்தவனைப் பதிந்துகொண்டு வகுப்புக்கு அனுப்புங்கள், அவனோடு பேசவேண்டியதை இடைவேளையில் பேசுங்கள்.

இரண்டாவது, திரும்பி வருகிற நாள். மூன்று நாள் நின்றுவிட்டு வருகிற பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி, “ஆ, துரை வந்துட்டார்” என்று வரவேற்கிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான்காம் நாளும் நிற்கிற பிள்ளைகள் உண்டு. “மகன், சுகமா? இந்தா, இவரிட கொப்பியைப் பார்த்து எழுது” என்பதற்கு அதைவிடக் குறைந்த நேரம்தான் எடுக்கும்.

மூன்றாவது, முதல் நாளே அழைப்பது. மூன்று நாள், ஒரு கிழமை என்று பார்த்திருந்துவிட்டுக் கடிதம் அனுப்புவதைவிட, காலை இடாப்பு எடுத்தவுடன் பாடசாலை அலுவலகத்தில் இருந்து தாய்க்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போவது நல்லது. கள்ளம் அடிக்கிற பிள்ளை அன்றைக்கே பிடிபடும். வீட்டில் உண்மையான சங்கடம் என்றால் அதுவும் தெரியவரும். மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்தில் தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போய், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி என்ன பயன்? சின்னப் பிள்ளையை விட ஒரு முன்பள்ளி, பக்கத்தில் ஒரு சித்தி, பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தர் என்று தேடினால்தான் அவள் வகுப்புக்கு வருவாள். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைச் சேர்க்காமலே வைத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு வழி உண்டு, கிராம சேவகரைப் பிடித்துக் கேட்கவேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொன்னால் என் சக ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். தவணைப் பரீட்சை முடிந்த அடுத்த நாளில் இருந்து விடுமுறை வரைக்கும் வகுப்பில் என்ன நடக்கிறது? இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் போட்டிகளுக்குத் தெரிவாகாத பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? வந்த பிள்ளையைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்க எங்களுக்கு வாய் வரக்கூடாது. பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, எந்த நாளில் படிப்பு இருக்கும் எந்த நாளில் இருக்காது என்று அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

உயர்தரத்தைப் பற்றிச் சுருக்கமாக, உங்களுக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. அங்கே நாள் முழுக்க ரியூசன் என்று பாடசாலையைக் கைவிடுகிற பழக்கம் ஊறிவிட்டது, விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளை ஆய்வுகூடத்தைப் பார்க்காமலே பரீட்சைக்குப் போகிறது. அந்தப் பழக்கம் உயர்தரத்தில் திடீரென்று தொடங்குவதில்லை. தரம் 8 இல் “கிழமைக்கு ஒரு நாள்தானே” என்றுதான் தொடங்குகிறது.

மகனோடு எப்படிப் பேசுவது என்று கேட்டால், காலையில் பேசாதீர்கள். அவன் சீருடை தேடுகிற நேரம், உங்களுக்கு வேலைக்குப் போகிற நேரம், அது சண்டையில்தான் முடியும். கலண்டரில் வட்டம் போட்டு முடிந்தபிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஏதாவது வாங்க இருவருமாக நடந்து போகும்போது கேளுங்கள். “ஏன் போகேல்ல” என்று கேட்டால் சாட்டுத்தான் வரும். “புதன்கிழமையில என்ன மகன் இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நடங்கள். முதல் தரம் ஒன்றும் சொல்லமாட்டான். வீட்டில் நிற்கிற நாளையும் கொஞ்சம் உப்புச் சப்பில்லாமல் ஆக்குங்கள். டிவி இல்லை, போன் இல்லை, அன்றைக்கு விட்ட பாடங்களை நண்பனிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி முடிக்கவேண்டும், சுகமில்லாதவனுக்குப் பின்னேரம் ரியூசனும் இல்லை. இந்தக் கடைசி விதிதான் உங்கள் மகனிடம் கூடுதலாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

கடிதத்துக்கு வருவோம். “அன்றாடம் உடல்நலக் குறைவு காரணமாக” என்று பொதுவாக எழுதாதீர்கள், அதிபர் ஒரு நாளைக்குப் பத்துக் கடிதம் அப்படித்தான் வாசிக்கிறார். மேலே திகதி, பிள்ளையின் முழுப்பெயர், தரம், சேர்விலக்கம். அடுத்து வராத திகதிகள். எந்தெந்த நாள் உண்மையில் சுகவீனம், அதற்கு மருந்துச் சீட்டோ மருத்துவச் சான்றிதழோ இருந்தால் பிரதி இணைத்திருப்பதாக ஒரு வரி. மற்ற நாட்களுக்குக் காரணம் உங்களுக்கே தெளிவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள்: “ஏனைய நாட்களில் அவர் பாடசாலைக்கு வரத் தயங்குவதன் காரணத்தை அறிய முயற்சிக்கிறேன். இது தொடர்பாக வகுப்பாசிரியருடன் பேச ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இப்படி ஒரு கடிதம் வந்தால் அதிபர் நிமிர்ந்து உட்காருவார். கீழே உங்கள் பெயர், கையொப்பம், உடனே எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம். பாடசாலையில் பதிந்திருக்கும் இலக்கம் பழையதாக இருந்தால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கமுன் கடிதத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் வகுப்பாசிரியர் மாறினால் முதலில் இருந்து சொல்லத் தேவையிருக்காது.